இரும்பும் கரியும்: குடிநீரில் கலந்த ஆர்சனிக்கை நீக்குதல்



விஞ்ஞானப் பொருள் ஒன்றை ஆண்டுதோறும் தமிழிலேயே விரித்துரைக்க வேண்டும் என்ற நோக்கத்தோடு நிறுவப்பட்ட இந்தச் சொற்பொழிவில், நிலத்தடி நீரில் கரைந்து கிடக்கும் ஆர்சனிக் என்னும் விஷத்தை, இரும்பு ஏற்றிய உயிரிக்கரியைக் கொண்டு பிரித்தெடுக்கும் முறையைப் பற்றிப் பேச விரும்புகிறேன். நம் சித்த வைத்தியர்கள் தாளகம் என்றும் மனோசிலை என்றும் வெள்ளைப் பாஷாணம் என்றும் அறிந்து, அஞ்சி, சுத்தி செய்து கையாண்ட சரக்குகளில் எல்லாம் உறைகின்ற மூலகம் இதுவே. ஆனால் நான் சொல்லவருவது மருந்துப் பெட்டியில் பூட்டி வைத்த பாஷாணத்தைப் பற்றியதன்று. கங்கையும் பிரம்மபுத்திராவும் மேக்னாவும் கூடிக் கடல் சேரும் வங்கச் சமவெளியில், கோடிக்கணக்கான ஜனங்கள் தாம் குடிப்பது இன்னதென்று அறியாமலே ஆண்டுக்கணக்கில் குடித்துவந்த பாஷாணத்தைப் பற்றியது.

குளத்து நீரையும் ஆற்று நீரையும் குடித்துக் காலராவுக்கும் பேதிக்கும் குழந்தைகளைப் பறிகொடுத்துக்கொண்டிருந்த அந்தப் பிரதேசத்தில், மண்ணுக்கடியில் வடிந்து தெளிந்த நீரை ஒவ்வொரு வீட்டு முற்றத்திலும் கொண்டுவந்து தரவேண்டும் என்னும் நன்னோக்கத்தோடு, 1970-களில் வங்கதேச அரசின் பொதுச் சுகாதாரப் பொறியியல் துறையும் யூனிசெஃப் ஸ்தாபனமும் குழாய்க் கிணறுகளைப் பெருவாரியாக இறக்கின. பின்னர் ஜனங்களே தம் சொந்தச் செலவில் லட்சக்கணக்கான அடிபம்புகளை அமைத்துக்கொண்டார்கள். அம்முயற்சியைக் குற்றம் என்று இன்று சொல்வது நியாயமாகாது. நீரைப் பரிசோதிக்கும்போது, நிறமும் மணமும் சுவையும் காட்டாத ஆர்சனிக்கைத் தேடிப் பார்க்கும் வழக்கம் அக்காலத்தில் இல்லை.

அந்த நீரின் விளைவை முதன்முதலில் இனங்கண்டவர் கல்கத்தாவின் வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் சரும நோய் நிபுணராக இருந்த டாக்டர் கே. சி. சாகா என்பவர். 1983-ஆம் ஆண்டில் 24 பர்கானா மாவட்டத்துக் கிராமவாசிகள் சிலர், மார்பிலும் முதுகிலும் கரும்புள்ளிகள் படர்ந்தும், உள்ளங்கையும் உள்ளங்காலும் தடித்து முடிச்சிட்டும் அவரிடம் வந்தபோது, இது தொழுநோயுமன்று, பரம்பரை நோயுமன்று, குடிக்கும் நீரிலிருந்து வந்த விஷமே என்று அவர் துணிந்தார். ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்து இரசாயன அறிஞர் தீபங்கர் சக்ரவர்த்தி, 1988 முதல் கிராமம் கிராமமாகச் சென்று நீரையும் முடியையும் நகத்தையும் பரிசோதித்துச் சேர்த்த சான்றுகளை, அதிகாரத்தில் இருந்தோர் நெடுங்காலம் தயக்கத்தோடுதான் ஏற்றார்கள். எல்லைக்கு அப்பால், வங்கதேசத்தின் சாபாய் நவாப்கஞ்ச் மாவட்டத்தில் 1993-இல் இவ்விஷம் கண்டறியப்பட்டது. பிரிட்டிஷ் நிலவியல் ஆய்வுத் துறையினர் அந்நாட்டில் 3,534 கிணறுகளின் நீரை ஆராய்ந்து 2001-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, ஆழங்குறைந்த கிணறுகளில் 27 சதவீதம் லிட்டருக்கு 50 மைக்ரோகிராம் என்னும் அந்நாட்டு வரம்பைத் தாண்டியிருந்தன. உலக சுகாதார ஸ்தாபனம் 1993-இல் வகுத்ததும் இந்திய நியமமும் ஏற்பதுமான 10 மைக்ரோகிராம் வரம்பை வைத்துப் பார்த்தால் 46 சதவீதம் தாண்டியிருந்தன. மனிதகுல வரலாற்றில் ஒரு மக்கட்கூட்டம் விஷத்துக்கு ஆளான நிகழ்ச்சிகளில் இதுவே மிகப் பெரியது என்று, 2000-ஆம் ஆண்டில் உலக சுகாதார ஸ்தாபனத்தின் சஞ்சிகையில் ஆலன் ஸ்மித் முதலான அறிஞர்கள் எழுதினார்கள்.

இந்நோய் மெதுவாக வருவது. சருமக் குறிகள் தோன்றவே பல ஆண்டுகள் ஆகும். நுரையீரலிலும் சிறுநீர்ப்பையிலும் புற்றுநோய் தோன்ற இன்னும் பல ஆண்டுகள் ஆகும். இதற்கிடையில், கைகள் கறுத்துத் தடித்த பெண்ணைத் தொற்றுநோயாளி என்று எண்ணிக் கணவன் வீட்டார் பிறந்தகத்துக்குத் திருப்பி அனுப்பிவிட்ட கொடுமைகளும், அப்படிப்பட்ட குடும்பத்தில் பெண் கொள்ளவும் கொடுக்கவும் ஊரார் மறுத்த துன்பங்களும் அக்கிராமங்களில் நேர்ந்தன. வங்கதேச அரசு ஏறத்தாழ 50 லட்சம் கிணறுகளைச் சோதித்து, வரம்புக்கு உட்பட்ட பம்பின் வாய்க்குப் பச்சை வர்ணமும், வரம்பு மீறியதற்குச் சிவப்பு வர்ணமும் பூசச் செய்தது. சிவப்புப் பூசப்பட்டவை 14 லட்சத்துக்கு மேல்.

இனி, இந்த விஷம் அங்கே எப்படி வந்தது என்பதைச் சற்று நின்று நோக்கவேண்டும். ஏனெனில் நோயின் காரணமே மருந்தின் இலக்கணத்தையும் சொல்லிவிடுகிறது. தொழிற்சாலைக் கழிவு எதுவும் இதற்குக் காரணமன்று. இமயமலையின் பாறைகள் யுகயுகமாகச் சிதைந்து, வண்டலாக நதிகளில் அடித்துவரப்பட்டபோது, அம்மணற்பரல்களின்மீது துருவாகப் படிந்த இரும்பு ஆக்சைடுகள், பாறையிலிருந்து விடுபட்ட ஆர்சனிக்கைத் தம் மேற்பரப்பில் பற்றிக்கொண்டு வந்தன. பிராணவாயு உள்ளவரையில் அந்தப் பிடி தளராது. ஆனால் டெல்டாப் பிரதேசத்தில் வண்டலோடு தாவரச் சிதைவுகளும் புதைந்தன. அந்தக் கரிமப் பொருளை உண்டு வாழும் நுண்ணுயிர்கள், நிலத்தடியில் பிராணவாயு தீர்ந்துபோனவிடத்து, அதற்குப் பதிலாகத் துருவிலுள்ள இரும்பையே பயன்படுத்திக்கொள்கின்றன. அவ்வாறு பயன்படும்போது கரையாத ஃபெரிக் இரும்பு கரையும் ஃபெரஸ் இரும்பாக மாறி நீரோடு போய்விடுகிறது. அது பற்றியிருந்த ஆர்சனிக்கும் பிடி நழுவி நீரில் கலக்கிறது. கரிமம் இரும்பை அவிழ்க்கிறது, இரும்பு விஷத்தை அவிழ்க்கிறது. அடுத்தடுத்த இரு வீடுகளின் கிணறுகளில்கூட ஒன்று நல்ல நீரும் மற்றொன்று நச்சு நீருமாக அமையும் விசித்திரமும் மண்ணுக்கடியில் இந்த மூன்றின் சேர்க்கை இடத்துக்கு இடம் வேறுபடுவதால் நேர்வதே.

ஆகவே, காற்றுபடும் இடத்தில் அந்த இரும்பை மீண்டும் துருவாக்கினால் அது விஷத்தை மீண்டும் பற்றிக்கொள்ளும் என்பது இயல்பாகத் தோன்றும் உபாயம். அதை வங்க மக்களின் சமையற்கட்டுக்கே கொண்டுபோனது மூன்று கொல்ஷி வடிகட்டி. கொல்ஷி என்பது அவர்கள் நீர் முகக்கும் குடம். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய மூன்று குடங்களில் மேற்குடத்தில் இரும்புச் சீவலும் மணலும், நடுக்குடத்தில் மணலும் மரக்கரியும் இட்டு, அடிக்குடத்தில் தெளிந்த நீரைப் பிடிப்பார்கள். அது விஷத்தை நன்றாகவே பிடித்தது. ஆனால் நாளடைவில் இரும்புச் சீவல்கள் துருப்பிடித்து ஒரே கட்டியாக இறுகி, நீர் இறங்க வழியின்றி அடைத்துக்கொண்டன. அக்குறையைத் தீர்க்கும் வகையில் இரும்பை நுண்துளை மிகுந்த திரளாகப் பக்குவப்படுத்திச் சோனோ வடிகட்டியை உருவாக்கிய அபுல் உசாம் என்னும் வங்கதேசத்து இரசாயன அறிஞருக்கு, அமெரிக்கப் பொறியியல் அகாதமி 2007-இல் பத்து லட்சம் டாலர் கிரெய்ஞ்சர் பரிசை அளித்தது. இரும்பு விஷத்தைப் பற்றும் என்பது தீர்ந்த விஷயம். இரும்பைத் திரண்டு இறுகவிடாமல் பரப்பி வைக்கும் ஆதாரம் எது என்பதே தீராத கேள்வியாக நின்றது. உயிரிக்கரி இந்த இடத்தில் வருகிறது.

உமி, வைக்கோல், தேங்காய்ச் சிரட்டை, மரத்தூள் போன்ற தாவரப் பொருள்களைக் காற்று மிகக் குறைந்த கலத்தில் 300 முதல் 700 டிகிரி வரை சூடேற்றினால், எரிந்து சாம்பலாகாமல், நுண்துளைகள் நிறைந்த கரி எஞ்சுகிறது. அமேசான் காட்டில் பழங்குடி மக்கள் உண்டாக்கிய கருமண்ணில் கரித்துகள்கள் பல நூற்றாண்டுகள் அழியாமல் இருந்ததைக் கண்டபின், நிலத்துக்கு உரமாக இதனை இடும் முயற்சி உலகெங்கும் பரவி, உயிரிக்கரி என்னும் பெயரும் நிலைத்தது. ஆயினும் வெறும் கரி ஆர்சனிக்கை ஏறக்குறையப் பிடிப்பதே இல்லை என்பதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். கரி எந்த நீரையும் சுத்தமாக்கும் என்று ஜனங்களிடையே நிலவும் நம்பிக்கை இவ்விஷயத்தில் ஆபத்தானது. ஆர்சனிக் நீரில் இரு வடிவங்களில் இருக்கிறது: காற்றுபட்ட நீரில் ஆர்சனேட் என்னும் எதிர்மின்னேற்றமுடைய வடிவம், காற்றுபடாத ஆழ்நீரில் ஆர்சனைட் என்னும், பி.எச். 9-க்கு மேல் போகும்வரை மின்னேற்றமே இல்லாத வடிவம். கரியின் மேற்பரப்போ, குடிநீரின் இயல்பான நிலையில் பெரும்பாலும் எதிர்மின்னேற்றமே உடையது. ஆகவே முன்னதை அது விலக்கித் தள்ளுகிறது. பின்னதை ஈர்ப்பதற்கு அதனிடம் யாதொரு பிடிமானமும் இல்லை. மனித உடலுக்கு அதிகத் தீங்கு செய்வதும் இந்தப் பின்னதே.

கரியைத் திருத்துவது என்றால், அதன் நுண்துளைகளில் இரும்பைக் குடியேற்றுவதுதான். ஃபெரிக் குளோரைடுக் கரைசலில் உமியையோ மரத்தூளையோ ஊறவைத்து உலர்த்திப் பின்னர்ச் சூடேற்றுவது ஒரு வழி. இதில் கரியே இரும்பைப் பகுதியளவு ஒடுக்கி, காந்தத்தால் இழுக்கப்படும் மாக்னடைட்டாக ஆக்கிவிடுவதால், செலவழிந்த கரித்தூளை நீரிலிருந்து காந்தத்தால் திரட்டிவிடலாம் என்னும் வசதியும் கிடைக்கிறது. முன்னரே ஆக்கிய கரியை இரும்புக் கரைசலில் நனைத்து, காரம் சேர்த்து, துருவை அதன்மேல் வீழ்படிவாக்குவது மற்றொரு வழி. சூடு அதிகம் காணாத இந்தத் துரு ஒழுங்கற்ற அமைப்பும் மிகுந்த பரப்பும் உடையதாகையால் பொதுவாக விஷத்தை அதிகமாக ஏற்கும். கரியோடு மாங்கனீசு டையாக்சைடையும் சேர்ப்பவர்கள் உண்டு. அது ஆர்சனைட்டை ஆர்சனேட்டாக மாற்றி இரும்பிடம் ஒப்படைக்கிறது. ஆனால் அந்த மாற்றத்தில் கொஞ்சம் மாங்கனீசு கரைந்து நீரில் இறங்குமாதலால், அதற்கும் ஒரு கண்காணிப்பு வேண்டும். எவ்வாறாயினும், விஷத்தைப் பற்றுவது இரும்பின் மேற்பரப்பிலுள்ள ஹைட்ராக்சில் தொகுதிகளே. ஆர்சனேட் அவற்றை வெளியேற்றி, அடுத்தடுத்த இரண்டு இரும்பணுக்களோடு பிராணவாயு அணுக்களின் வழியாகப் பிணைந்துகொள்கிறது. வெறும் மின்கவர்ச்சியன்று, இரசாயனப் பிணைப்பே ஆதலால், உப்புமிகுந்த நீரிலும் எளிதில் கழன்றுவிடாது.

இந்த இடத்தில் ஆராய்ச்சி மாணவர்களை நோக்கி ஒன்று சொல்ல விரும்புகிறேன். இத்துறையில் ஆண்டுதோறும் வெளிவரும் கட்டுரைகள் மிகப் பல. அவற்றுள் பெரும்பாலானவை, ஒரு கிராம் கரி இத்தனை மில்லிகிராம் ஆர்சனிக்கை ஏற்கிறது என்னும் ஓர் எண்ணிக்கையையே தலைமேல் தாங்கி வருகின்றன. லாங்மியூர் 1918-இல் வகுத்த சமன்பாட்டிலிருந்து பெறப்படும் அந்த எண், மேற்பரப்பு முழுவதும் நிரம்பிவிட்ட நிலையைக் குறிப்பது. அந்நிலையை எய்துவதற்காக லிட்டருக்குப் பத்து, ஐம்பது, நூறு மில்லிகிராம் என்று கிணற்று நீரைக் காட்டிலும் ஐம்பது மடங்கு முதல் நூற்றுக்கணக்கான மடங்கு வரை விஷம் கலந்த கரைசல்களை, அதுவும் காய்ச்சி வடித்த நீரில், ஆர்சனேட்டாக மட்டுமே கரைத்துப் பயன்படுத்துகிறார்கள். கிராமத்துக் குடும்பம் ஒன்றை எண்ணிப் பார்ப்போம். நாளொன்றுக்குக் குடிக்கவும் சமைக்கவும் 20 லிட்டர் என்றும், கிணற்றில் லிட்டருக்கு 200 மைக்ரோகிராம் ஆர்சனிக் என்றும் வைத்துக்கொண்டால், ஆண்டுக்கு 7,300 லிட்டர் நீரிலிருந்து ஏறத்தாழ ஒன்றரைக் கிராம் விஷத்தைப் பிடிக்கவேண்டும். கட்டுரையில் கண்டபடி ஒரு கிராம் கரி 10 மில்லிகிராம் ஏற்குமாயின் 150 கிராம் கரி ஓராண்டுக்குப் போதும். ஆனால் வெளிவரும் நீரில் 10 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கலாகாது என்ற நிபந்தனையோடு, கிணற்று நீரில் அதே கரி அரை மில்லிகிராமே ஏற்குமாயின் மூன்று கிலோ வேண்டும். ஆய்வேட்டில் இருப்பது முதல் கணக்கு. அந்தக் குடும்பத்துக்குத் தேவையானது இரண்டாவது.

இந்த வீழ்ச்சிக்கு முக்கிய காரணம் பாஸ்பேட். தனிம அட்டவணையில் ஆர்சனிக்குக்கு நேர் மேலே பாஸ்பரஸ் இருக்கிறது. ஆர்சனேட்டும் பாஸ்பேட்டும் உருவத்திலும் மின்னேற்றத்திலும் அமிலத்தன்மையிலும் ஏறக்குறைய ஒன்றே. நம் உடலின் ஜீவ அணுக்கள் பாஸ்பேட் என்று மயங்கி ஆர்சனேட்டை உள்ளே விடுவது எந்த ஒற்றுமையாலோ, அதே ஒற்றுமையால் இரும்பும் ஆர்சனேட்டுக்கு உரிய இடங்களைப் பாஸ்பேட்டுக்கு வழங்கிவிடுகிறது. வங்கத்து நிலத்தடி நீரில் ஆர்சனிக்கைக் காட்டிலும் பாஸ்பேட் பன்மடங்கு அதிகம். சிலிக்கேட் அதனினும் அதிகம். உமிக்கரியின் சாம்பலில் பெரும்பகுதி சிலிக்காவே ஆகையால், அதிலிருந்தே சிலிக்கேட் கரைந்து வந்து இரும்பின் இடத்தைப் பிடித்துக்கொள்ளவும் கூடும். இன்னொன்றும் உண்டு. விஷநீர் பாய்ச்சிய வயலில் விளைந்த வைக்கோலில், அரிசியில் உள்ளதைக் காட்டிலும் ஆர்சனிக் மிகுதியாக ஏறியிருக்கும். அந்த வைக்கோலையே கரியாக்கி வடிகட்டியில் இடுபவர், கரியில் ஏற்கெனவே உள்ள விஷத்தை அளந்த பின்னரே அவ்வாறு செய்யவேண்டும். ஆதலின், உமிக்கரியோ வைக்கோற்கரியோ, அதை ஆக்கியவர் தம் எண்ணிக்கையை அச்சிடுமுன், மேற்கு வங்கத்து நதியா மாவட்டத்திலோ முர்ஷிதாபாத் மாவட்டத்திலோ ஓர் அடிபம்பில் இறைத்த நீரை, அதிலுள்ள இரும்பும் பாஸ்பேட்டும் ஆர்சனைட்டும் மாறாத நிலையில், அந்தக் கரியின் வழியே மாதக்கணக்கில் ஓடவிட்டுப் பார்த்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஓடவிட்டுப் பார்ப்பதற்கு ஆளும் வேண்டும். மேற்கு வங்கத்தின் பாருய்ப்பூரில் நிறுவப்பட்ட பத்தொன்பது ஆர்சனிக் நீக்கும் நிலையங்களை இரண்டாண்டுக் காலம் தொடர்ந்து ஆராய்ந்து 2005-இல் வெளியான அறிக்கை, அவற்றுள் ஒன்றுகூட 10 மைக்ரோகிராம் வரம்பை இடைவிடாமல் காக்கவில்லை என்று கண்டது. வடிகட்டிப் பொருளைப் பின்னோட்டத்தால் கழுவுவதும், தீர்ந்தபோது மாற்றுவதும், நீரைச் சோதிப்பதும் யார் பொறுப்பு என்பது தெளிவாக வகுக்கப்படாதவிடத்து, எத்தனை நுட்பமான சாதனமும் சில மாதங்களில் வெறும் தொட்டியாகிவிடும். அதைவிட மோசமானது, தீர்ந்துபோன வடிகட்டியின் நீரைச் சுத்தமானது என்று நம்பிக் குடிப்பது. சிவப்பு வர்ணம் பூசிய பம்பைக் கண்டு வரும் அச்சமும் அப்போது அகன்றுவிடுகிறது. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் பேராசிரியர் பிரதீப் அவர்களும் அவருடைய குழுவினரும், இறால் ஓட்டிலிருந்து பெறும் கைட்டோசானில் இரும்பு ஆக்சைடை நுண்துகள்களாகக் கோத்து அமைத்த பொருளைக் கிராமங்களில் நிறுவியபோது, இந்தத் தொடர்ந்த கண்காணிப்பையும் முயற்சியின் அங்கமாகக் கொண்டார்கள். கரியை ஆதாரமாகக் கொள்வோர்க்கும் அது முன்மாதிரியாக அமையத் தக்கது.

ஆழ்கிணறு இறக்கக் கூடிய இடங்களில் அதுவே மேலான வழி என்பதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். மேற்குறித்த 2001-ஆம் ஆண்டு அறிக்கையில், 150 மீட்டருக்கு மேல் ஆழமான கிணறுகளில் ஏறத்தாழ ஒரு சதவீதமே 50 மைக்ரோகிராமைத் தாண்டின. ஆழ்கிணற்றுக்குச் செலவிட இயலாத, குழாய் நீரும் எட்டாத குடும்பங்களுக்கே வடிகட்டி வேண்டும். உமியும் வைக்கோலும் இலவசமாகக் கிடைப்பது அவர்களிடத்தில்தான் என்பதே உயிரிக்கரியின் பெருஞ்சிறப்பு.

கடைசியாக, செலவழிந்த கரியின் கதி. மற்ற வடிகட்டிப் பொருள்களுக்கு இல்லாத ஓர் இடர் இதற்கு உண்டு: கரி என்பது கிராமத்தில் எரிபொருள். மேலே சொன்ன குடும்பத்தின் மூன்று கிலோக் கரி ஒன்றரைக் கிராம் ஆர்சனிக்கைத் தாங்கியிருக்கும். அது அடுப்பில் விழுந்தால், ஆர்சனிக் ஆக்சைடு எளிதில் ஆவியாவதாகையால், விஷத்தின் ஒரு பகுதி புகையாகி, அடுப்பூதும் பெண்ணின் சுவாசத்தில் போய்ச் சேரும். உரம் என்று எண்ணி வயலில் இட்டாலும் தீங்குதான். நீர் தேங்கிய நெல்வயலின் சேற்றில் பிராணவாயு தீர்ந்துபோக, நுண்ணுயிர்கள் இரும்பை அவிழ்க்கத் தொடங்கும். கரியோ, மின்னணுக்களைக் கடத்திக் கொடுத்து அந்த வேலையை விரைவுபடுத்தும் இயல்புடையது என்பது ஆய்வுகளால் தெரியவந்திருக்கிறது. டெல்டாவின் ஆழத்தில் யுகக்கணக்கில் நடந்தது ஒரு போகத்திலேயே வயலில் நடந்து, விடுபட்ட ஆர்சனைட் நெற்பயிரின் வேரில் சிலிக்கா செல்லும் வழியாகவே நுழைந்து அரிசியில் ஏறிவிடும். குளத்தங்கரையிலோ சாணக்குழியிலோ கொட்டினாலும் இதுவே நிகழும்.

இதற்குத் தக்க ஏற்பாடு ஒன்று வங்கத்திலேயே ஏற்கெனவே இருக்கிறது. லீஹை பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் அரூப் சென்குப்தாவும் ஹவுராவிலுள்ள வங்காளப் பொறியியல் கல்லூரியினரும் மேற்கு வங்கக் கிராமங்களில் அமைத்த நிலையங்களில், வடிகட்டிகளிலிருந்து பிரித்தெடுத்த ஆர்சனிக் ஏறிய இரும்புச் சேற்றைப் புதைக்காமல், காற்று உட்புகும்படி அமைத்த பெருமணல் மேடைகளில் வைத்துக் காக்கிறார்கள். காற்றுபடும்வரை இரும்பு துருவாகவே இருக்கும். துருவாக இருக்கும்வரை விஷம் நீங்காது. உயிரிக்கரிக்கும் அதே விதி பொருந்தும். ஊருக்குப் பொதுவாக, வெள்ளம் ஏறாத உயரத்தில், மழை படாத கூரையோடு, காற்றோட்டமுள்ள மணல் மேடை ஒன்றை முதலில் கட்டவேண்டும். பழைய கரியை அங்கே ஒப்படைத்தவருக்கே புதிய கரி வழங்குவது என்ற கணக்கேட்டை ஊர்ப் பெண்கள் குழு ஒன்று வைத்துக்கொள்ளவேண்டும். இவ்விரண்டும் ஏற்பட்ட பின்னரே வடிகட்டிக் குடங்களை வீடுகளுக்குக் கொடுக்கத் தொடங்குவது முறை.